'இந்தக் கயித்தை இழுத்தா ஆரு வருவாங்க தம்பி?' - அமுச்சிக்கு வீடு பார்க்கப் போன கதை

போன வருடம் ஏப்ரலில் ஒரு கட்டுரை எழுதினேன். 'ஓய்வுக்காலக் குடியிருப்பில் வீடு வாங்கப் போறீங்களா? கவனிக்க வேண்டிய 7 விஷயங்கள்' என்று தலைப்பு. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை எப்படி நடக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். காலை 11 மணிக்கு டாபிக் வரும். மதியம் 2 மணிக்குள் கட்டுரை லைவில் இருக்க வேண்டும். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்காக 2019-ல் வெளியிட்ட மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளைத் திறந்து வைத்துக்கொண்டேன். வழுக்காத தரை, சாய்தளம், பாத்ரூமில் கைப்பிடி, அவசர அழைப்பு மணி என்று வரிசையாக எழுதினேன். எல்லாம் சரியான தகவல்கள்தான். ஆனால், அதில் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்தது கிடையாது.

அன்று ராத்திரி உடுமலைப்பேட்டையிலிருந்து அமுச்சி போன் செய்தார்.

"நீ எழுதுனதைப் படிச்சேன் கண்ணு. நல்லாத்தான் இருக்குது. நீ அங்கெல்லாம் போய்ப் பாத்தியா?"

"இல்ல அமுச்சி. படிச்சுட்டுத்தான் எழுதினேன்."

"அப்ப ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வா. ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வரலாம். எனக்கும் உங்க அப்புச்சிக்கும் ஒரு வீடு வேணும்."

கொங்குப் பக்கம் அமுச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர், அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. அமுச்சிக்கு 71 வயது. அப்புச்சிக்கு 77. மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து 2006-ல் ஓய்வுபெற்றவர். கம்பத்தில் ஏறிய கால்கள். அந்தக் கால்கள்தான் இப்போது வீட்டுக்குள்ளேயே மக்கர் செய்கின்றன. மூன்று வருடங்களுக்கு முன் பார்க்கின்சன்ஸ் என்று சொன்னார்கள். முதலில் கையெழுத்து மாறியது. பால் கணக்கு எழுதும் நோட்டில் எழுத்து மாதத்துக்கு மாதம் சின்னதாகிக்கொண்டே வந்தது. அப்புறம் நடை.

பார்க்கின்சன்ஸ் என்றால் கை நடுக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்த நோய் உள்ள பலருக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும் என்பது அப்புச்சியைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதுவும் வாசல், கதவிடுக்கு மாதிரி குறுகலான இடம் வந்தால் கட்டாயம் நிற்கும். நாம் கையைப் பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார். அமுச்சி அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார். அப்புச்சியின் காலுக்கு முன்னால் தன் பாதத்தைக் குறுக்காக வைப்பார். "இதைத் தாண்டுங்க" என்பார். அதைத் தாண்டுவதற்காக அப்புச்சி காலைத் தூக்குவார். அவ்வளவுதான், நடை மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். தரையில் ஒரு கோடு தெரிந்தால் அதைத் தாண்டிக் கால் வைப்பது இவர்களுக்குச் சுலபம் என்று பிசியோதெரபிஸ்ட்கள் சொல்வார்கள். அமுச்சிக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தானாகக் கண்டுபிடித்தது.

அந்த வருடம் ஜனவரியில் அப்புச்சி பாத்ரூமில் விழுந்தார். எலும்பு எதுவும் உடையவில்லை. ஆனால், விழுந்தவர் கதவை அடைத்தபடி கிடந்தார். கதவு உள்பக்கமாகத் திறக்கும் கதவு. அமுச்சி வெளியிலிருந்து தள்ளினால் அது அப்புச்சியின் இடுப்பில் இடிக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து, ஆசாரியைக் கூட்டி வந்து, கீலைக் கழற்றிக் கதவை எடுக்க 40 நிமிடங்கள் ஆயின. அந்த 40 நிமிடமும் அமுச்சி கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, கீழ் இடுக்கு வழியாக அவரிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். எங்களிடம் இதைச் சொன்னதே மார்ச் மாதம்தான்.

'சென்னைக்குக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதானே' என்று நீங்கள் கேட்கலாம். வளசரவாக்கத்தில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை பிளாட். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஓர் அறையில் அப்பாவும் அம்மாவும். இன்னோர் அறையில் அப்பாவின் அம்மாவும் நானும். அம்மா ஒரே பெண். 'ஒத்தைப் பொண்ணைப் பெத்துட்டு ஹோமுக்குப் போயிட்டாங்கன்னு ஊருக்குள்ள பேசுவாங்க' என்று அம்மா போனிலேயே அழுதார். அமுச்சி கறாராகச் சொன்னது எனக்கும் ஸ்பீக்கரில் கேட்டது. "ஹோம் இல்ல சாமி, வீடு. நாம காசு குடுத்து இருக்கப் போற வீடு. பேசறவங்க வந்து பாத்ரூம் கதவையா கழட்டப் போறாங்க?"

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. வாடகைக் கார் எடுத்து, பொள்ளாச்சி வழியாகக் கோயம்புத்தூருக்குக் கிளம்பினோம். இந்தியாவில் ஓய்வுக்காலக் குடியிருப்பு என்றாலே பலரும் முதலில் சொல்லும் ஊர் கோவைதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, பெரிய ஆஸ்பத்திரிகள், பக்கத்திலேயே ஏர்போர்ட். அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோரைக் கணக்கில் வைத்துத்தான் இந்த வரிசையைச் சொல்கிறார்கள் என்பது அவர்களின் பிரோஷரைப் புரட்டினாலே புரிந்துவிடும். எல்லாப் படத்திலும் வெள்ளை முடித் தம்பதி டேப்லெட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். யார் கையிலும் வாக்கர் இல்லை.

முதல் இடம், மலையைப் பார்த்த மாதிரி புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வளாகம். நுழைந்ததும் பிள்ளையார் கோயில், கிளப் ஹவுஸ், நீச்சல் குளம். குளத்தில் தண்ணீர் அத்தனை நீலமாக, அலையே இல்லாமல் இருந்தது. சுற்றிக் காட்ட வந்த தம்பிக்கு என் வயதுதான் இருக்கும். நல்ல மரியாதை. 'சார்', 'மேடம்' இல்லாமல் ஒரு வாக்கியம் பேசவில்லை. மாடல் பிளாட் வாசலில் ஓர் அங்குல உயரத்துக்கு நிலைப்படி. அப்புச்சி அங்கேயே நின்றுவிட்டார். அந்தத் தம்பி பதறி, "வாங்க சார்" என்று கையைப் பிடிக்கப் போனார். "பிடிச்சு இழுக்காதீங்க தம்பி" என்ற அமுச்சி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் பாதத்தை நிலைப்படிக்கு அப்பால் குறுக்காக வைத்தார். அப்புச்சி தாண்டினார்.

உள்ளே போனதும் அமுச்சி ஹாலைப் பார்க்கவில்லை, பால்கனியைப் பார்க்கவில்லை. நேராக பாத்ரூம். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று ஆட்டிப் பார்த்தார். வெளிப்பக்கம். நல்லது. கம்மோடுக்குப் பக்கத்தில் சிவப்புக் கயிறு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் கயித்தை இழுத்தா ஆரு வருவாங்க தம்பி?"

"நர்ஸ் வருவாங்க மேடம். ரெண்டே நிமிஷத்துல."

அமுச்சி இழுத்தார். போனில் நான் ஸ்டாப் வாட்சை ஆன் செய்தேன். இரண்டு நிமிடம் ஆனது. ஐந்து ஆனது. அப்புச்சி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அந்தத் தம்பி மெதுவாக, "மாடல் பிளாட்ல கனெக்‌ஷன் குடுக்கலை மேடம்" என்றார். அமுச்சி கோபப்படவில்லை. கயிற்றைச் சுருட்டிக் கைப்பிடியில் மாட்டி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

இன்னொரு கேள்வியும் கேட்டார். "ஞாயித்துக்கிழமை கறி எடுக்கலாமுங்களா?" பொதுச் சமையலறையில் சைவம் மட்டும்தான். வீட்டுக்குள் சமைப்பதற்குத் தடை இல்லையாம், 'ஆனா மத்த ரெசிடென்ட்ஸ் கொஞ்சம் ஃபீல் பண்ணுவாங்க' என்றார் தம்பி. நாங்கள் பார்த்த மூன்று இடங்களிலும் பொதுச் சமையலறை சைவம்தான். என்னுடைய 7 விஷயங்களில் இது இல்லை. 50 வருடங்களாக ஞாயிறு காலையில் அம்மியில் மசாலா அரைக்கிற ஒருவருக்கு, யார் 'ஃபீல்' பண்ணுவார்களோ என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கச் சொல்வது சின்ன விஷயம் இல்லை. இந்தக் குடியிருப்புகள் யாரை மனதில் வைத்துக் கட்டப்படுகின்றன என்று அந்த ஒரு பதிலில் தெரிந்துவிட்டது.

விலையைப் பற்றி அப்பா போனில் பேசினார். அவர் வங்கிக்காரர். அட்டையில் 900 சதுர அடி என்று போட்டிருந்தார்கள். "கார்பெட் ஏரியா எவ்வளவு?" என்றார் அப்பா. வெளிச்சுவர், பால்கனியை விட்டுவிட்டு வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பு அது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ன்படி அந்தக் கணக்கில்தான் விற்க வேண்டும். தம்பி காகிதத்தைத் தேடினார். அடுத்து, 'வீட்டை பிளாக் பண்ண' 20 சதவிகிதம் இப்போது கட்டச் சொன்னார். விற்பனை ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யாமல் 10 சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 13-வது பிரிவு சொல்கிறது. அப்பா அதைச் சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் அமைதி. 'மேனேஜர் கூப்பிடுவார் சார்' என்றார்கள். கூப்பிட்டார்கள், இன்னும் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். எனக்கும் வாரம் ஒருமுறை குட்மார்னிங் மெசேஜ் வருகிறது.

இரண்டாவது இடம் பழையது. பத்து வருடங்களுக்கு மேலாக மனிதர்கள் வாழ்கிற இடம். சுவரில் கொஞ்சம் பாசி, வாசலில் கோலம், கொடியில் வேட்டி, யாரோ எஃப்.எம் கேட்கும் சத்தம். எங்கள் எல்லோருக்கும் உள்ளே போனதுமே பிடித்துவிட்டது. இங்கேயும் அமுச்சி கயிற்றை இழுத்தார், அதுவும் சொல்லாமல். 4 நிமிடத்தில் ஓர் அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தார். "யாரும்மா விழுந்தது?" அமுச்சி அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

ஆபீஸ் அறையில்தான் விஷயம் திரும்பியது. ஒரு மெடிக்கல் பார்ம் கொடுத்தார்கள். 'துணையின்றி நடமாடக் கூடியவர்' என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பல இடங்களில் இதுதான் நிபந்தனை. வரும்போது தன் வேலையைத் தானே செய்துகொள்பவராக இருக்க வேண்டும். பிறகு முடியாமல் போனால்? பின்னால் தனியாக ஒரு கட்டடம் இருக்கிறது, படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள. அங்கே 12 படுக்கைகள். அன்றைக்கு எல்லாமே நிரம்பியிருந்தன. அதற்கு மாதக் கட்டணம் தனி. பிளாட்டின் பராமரிப்புக் கட்டணமும் நிற்காது.

"அவரு அங்க போனா, நான் எங்க இருப்பேன்?" என்றார் அமுச்சி.

"நீங்க உங்க பிளாட்லயே இருக்கலாம்மா. காலைல 10 மணியில இருந்து சாயங்காலம் 6 மணி வரைக்கும் அவரைப் போய்ப் பாத்துக்கலாம்."

அமுச்சி எதுவும் சொல்லவில்லை. அதுவரை அன்று முழுக்கப் பேசாத அப்புச்சிதான் பேசினார். இந்த நோயில் குரலும் சின்னதாகிவிடும், பக்கத்தில் போனால்தான் கேட்கும். "நான் எங்கியாச்சும் இருந்துக்கறேன். அவளுக்கு இந்த வீடு நல்லாருக்குது. அவளுக்கு மட்டும் பாருங்க."

மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். நான் பார்மைப் பார்த்தேன். அமுச்சி எழுந்து, "தண்ணி குடிக்கறீங்களா?" என்று அப்புச்சியிடம் கேட்டுவிட்டு, பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். காரில் திரும்பும்போது அம்மா போன் செய்தார். "எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டதற்கு, "வெயிலு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி லாட்ஜில் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கட்டுரையைத் திறந்து படித்தேன். 'மருத்துவ வசதி இருக்கிறதா எனப் பார்க்கவும்.' நான்காவது பாயின்ட். எழுத எனக்கு அரை நிமிடம்தான் ஆகியிருக்கும். வசதி இருக்கிறது. யாருக்கு, எந்தக் கட்டடத்தில், எத்தனை மணி வரை என்பதை யாரிடமும் நான் கேட்கவில்லை.

மூன்றாவது இடத்துக்கு மறுநாள் போனோம். உண்மையில் அது எங்கள் பட்டியலிலேயே இல்லை. கார் டிரைவர் அண்ணன் சொன்ன இடம். அவருடைய பழைய வாத்தியார் அங்கே இருக்கிறாராம். டவுன் பஸ் நிற்கும் சாலையிலிருந்து கொஞ்ச தூரம்தான். நீச்சல் குளம் இல்லை, மலை தெரியவில்லை. இரண்டு மாடிக் கட்டடங்கள் நான்கு, நடுவில் வேப்பமரம். எல்லாமே சின்னச் சின்ன வீடுகள். பெரிய படுக்கையறை, அதற்கு முன்னால் ஒரு ஹால், அங்கேயே சமையல் மேடை.

தரைத்தள வராந்தாவில் வெள்ளைத் தரையில் ஓர் அடிக்கு ஒரு கோடு என்று கறுப்பு டைல்ஸ் பதித்திருந்தார்கள். அழகுக்காகச் செய்ததா, தெரிந்து செய்ததா என்று நான் கேட்கவில்லை. அப்புச்சி அந்த வராந்தாவில் கால் வைத்தார். ஒரு கோடு, அடுத்த கோடு, அடுத்தது. நிற்கவே இல்லை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு எங்களைவிட வேகமாக, கம்பத்தில் பியூஸ் போன தகவல் வந்தால் போவார் என்று அம்மா சொல்வாரே, அந்த மாதிரி போய்க்கொண்டிருந்தார். அமுச்சி வேப்பமரத்தடியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கத்த வாடகை என்னன்னு கேளு கண்ணு" என்றார்.

இங்கே கயிற்றுக்குப் பதில் கட்டில் பக்கத்திலும் பாத்ரூமிலும் மணி. பாத்ரூம் மணியைக் கீழே, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வைத்திருந்தார்கள். விழுந்து கிடப்பவர் எட்டுகிற உயரம்! அழுத்தியதும் 3 நிமிடத்தில் ஆள் வந்தார். ராத்திரிக்கு நர்ஸ் ஒருவர் வளாகத்திலேயே தங்குகிறார். டாக்டர் தினமும் கிடையாது, வாரத்துக்கு இரண்டு நாள்தான். எக்ஸ்ரே எடுக்க வேண்டுமென்றால்கூட வெளியேதான் போக வேண்டும். அதையும் மறைக்காமல் சொன்னார்கள். படுக்கையில் விழுந்தால் தனிக் கட்டடம் இல்லை, அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். உதவியாளர் தேவைப்பட்டால் மணிக்கணக்கில் காசு. முழுநேர ஆள் வைத்தால் அந்தச் செலவு பெரிது, அதையும் காகிதத்தில் எழுதிக் காட்டினார்கள்.

அமுச்சியிடம் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதை ஆபீசில் கேட்கவில்லை. வேப்பமரத்தடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பாட்டியம்மாவிடம் போய் உட்கார்ந்து, தானும் ஒரு பிடி கீரையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். "ஏனுங், இங்க ஆராச்சும் தவறிப்போனா எந்த வாசல்ல எடுக்கறாங்க?"

அந்தப் பாட்டியம்மா இந்தக் கேள்விக்கு ஆச்சர்யப்படவே இல்லை. "முன் வாசல்லதான். எல்லாரும் வந்து நிப்போம். போன மாசம் 6-ம் நம்பர் வீட்டுக்காரரு. அன்னிக்கு டைனிங் ஹால்ல யாரும் டி.வி போடலை" என்றார். வேறு சில இடங்களில் விடியற்காலையில் பின் கேட் வழியாக, யார் கண்ணிலும் படாமல் எடுத்துவிடுவார்களாம். 'மத்தவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு.' அமுச்சி கீரையை ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

வாங்குவதா, வாடகையா என்று வீட்டில் ஒரு வாரம் சண்டை. பொதுவாக இந்தக் குடியிருப்புகளில் மூன்று வழிகள் இருக்கின்றன. சொந்தமாக வாங்குவது ஒன்று. பெரிய தொகையை டெபாசிட்டாகக் கட்டிவிட்டு, காலி செய்யும்போது பிடித்தம் போகத் திரும்பப் பெறுவது இன்னொன்று. மூன்றாவது, மாத வாடகை. அம்மாவுக்குச் சொந்தமாக வாங்கவே ஆசை. 'வாடகை வீட்டுல போய் அப்பா அம்மாவை விடுறதா' என்று. ஆனால், வாங்கினால் அதை யாருக்கு விற்பது? குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் குடியிருக்கலாம் என்ற விதி உள்ள இடத்தில், பின்னாளில் அம்மாவின் கைக்கு அந்த வீடு வந்தாலும் நான் அங்கே குடியிருக்க முடியாது. விற்கும்போது நிர்வாகத்துக்கு ஒரு பங்கு தர வேண்டும் என்று முதல் இடத்தின் ஒப்பந்தத்தில் 14-ம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

இதையெல்லாம்விட அப்பா போட்ட ஒரு கணக்குதான் எல்லோரையும் அமைதியாக்கியது. அப்புச்சிக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி, அதன்மேல் அகவிலைப்படி என்று பென்ஷன் வருகிறது. அவர் காலத்துக்குப் பிறகு அமுச்சிக்கு வருவது குடும்ப ஓய்வூதியம். அது கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகிதம். அதாவது, இன்று 100 ரூபாய் வந்தால் அன்று 60 ரூபாய். சாப்பாட்டுச் செலவு பாதியாகும். ஆனால், வீட்டு வாடகையோ பராமரிப்புக் கட்டணமோ பாதியாகாது. அதுவும் வருடா வருடம் ஏறும். எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஓர் உச்சவரம்பு இல்லையென்றால், 71 வயது அமுச்சி 81 வயதில் எதைக் கட்டுவார்? இரண்டு பேர் வருமானத்தை வைத்து வீடு பார்க்கக் கூடாது, ஒருவர் வருமானத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் லேப்டாப்பை மூடினார்.

உடுமலை வீட்டை விற்க வேண்டாம் என்று அமுச்சியே சொன்னார். அம்மா பெயருக்கு எழுதிவைக்கவும் இல்லை. 'இப்பவே எழுதிக் குடுத்துட்டா பேங்க்ல இருந்து பத்திரம் வரைக்கும் உன்கிட்ட கேட்டுட்டு நிக்கோணும். நான் இருக்கற வரைக்கும் என்ற பேர்ல இருக்கட்டும்' என்றார். பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அவர்கள் பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யக் கோரலாம் என்று 2007-ம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது. அம்மாவிடம் இதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சில தகவல்களைக் கட்டுரையில்தான் எழுத முடியும், சாப்பாட்டு மேஜையில் சொல்ல முடியாது.

ஜூனில் 10 நாள்கள் அங்கே தங்கிப் பார்த்தார்கள். காசு கட்டித்தான். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். சுற்றிப் பார்க்கப் போகும் ஒரு மணி நேரத்தில் தெரியாதது, அமுச்சிக்கு மூன்றாவது நாளே தெரிந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாடு 7 மணிக்கே முடிந்துவிடும். அதற்கப்புறம் தூங்கும்வரை உள்ள நேரம் மிக நீளம். உடுமலையில் அந்த நேரத்துக்குத் திண்ணை இருந்தது, தெருவில் போகிறவர்கள் இருந்தார்கள். நான்காம் நாள் ராத்திரி 9 மணிக்கு அமுச்சி எனக்குப் போன் செய்து, 'இங்க நாய்கூடக் குரைக்க மாட்டேங்குது கண்ணு' என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

ஆனால், பகல்கள் வேறு மாதிரி இருந்தன. காலையில் யாரோ ஒருவர் அப்புச்சியை வராந்தாவில் கூட்டிப்போனார். மூன்று வருடங்களில் முதல் முறையாக அமுச்சி மதியம் ஒரு மணி நேரம், காதைத் திறந்து வைத்துக்கொள்ளாமல் தூங்கினார். அப்படித்தான் சொன்னார், 'காதைத் திறந்து வெச்சுக்காம' என்று. கரன்ட் போனபோது ஜெனரேட்டர் ஓடவில்லை. அப்புச்சி உட்கார்ந்த இடத்திலிருந்தே எலக்ட்ரீஷியனுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். குரல் கேட்கவில்லை என்று அந்த எலக்ட்ரீஷியன் மண்டியிட்டு, அவர் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாராம். இதை அமுச்சி என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

ஜூலை கடைசியில் 11 மாத ஒப்பந்தம் போட்டுக் குடிபோனார்கள். வாடகை வருடத்துக்கு எவ்வளவு ஏறலாம் என்பதை அப்பா பேசி எழுத்தில் வாங்கினார். படுக்கையில் விழுந்தாலும் வீட்டைக் காலி செய்யச் சொல்ல மாட்டோம் என்ற ஒரு வரியையும். அந்த வரிக்காக மட்டும் மூன்று முறை போய் வந்தார். அம்மா பால் காய்ச்சும்போது அழவில்லை. காரில் ஏறிய பிறகு பொள்ளாச்சி வரைக்கும் அழுதார். இன்றைக்கும் மாதம் ஒருமுறை போய், 'என்கூட வந்துடுங்க' என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புகிறார். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு.

கறி விஷயம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. இங்கேயும் ஜாடைமாடையாகப் பேசுகிறவர்கள் உண்டு. அமுச்சி ஞாயிற்றுக்கிழமையைப் புதன்கிழமையாக மாற்றிக்கொண்டார். ஏனென்றால் புதன் காலையில்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் கோயிலுக்குப் போகிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. 'எதுக்கு நீங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு சமைக்கணும்?' என்று கேட்டேன். 'இரு. வந்து ஆறு மாசந்தானே ஆச்சு' என்றார்.

வாசலில் அவர்களே வாங்கிய கறுப்பு டேப்பை வரிசையாகத் தரையில் ஒட்டியிருக்கிறார்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும், ஓர் அடிக்கு ஒன்று. ஓரம் பிரிந்தால் அமுச்சி உடனே மாற்றிவிடுவார்.

மாதம் ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல் பாத்ரூம் மணியை அழுத்திப் பார்க்கிறார். ஆள் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று அப்புச்சியின் பழைய பால் கணக்கு நோட்டில் எழுதிவைக்கிறார். ஓடி வரும் பெண்ணுக்கு முறுக்கு கிடைக்கும் என்பதால் அவர் கோபித்துக்கொள்வதில்லை. நேற்று ராத்திரி போனில் ரிப்போர்ட் வந்தது.

"போன மாசம் ரெண்டே முக்கால் நிமிஷம். இந்த மாசம் நாலு. ஆபீஸ்ல சொல்லிப்போட்டேன். நீயும் அந்தக் கட்டுரையில சேத்திப்போடு."